படியெடுப்பே நடக்காத கருமுட்டையில் எம்.ஆர்.என்.ஏ. எப்படிக் கூடுகிறது? (பசு, கியூ.பி.சி.ஆர்.) உதவி தேவை

நொய்யல்கரை

வணக்கம். கோவையில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பசுவின் கருமுட்டையில் வேலை செய்த யாராவது வழி சொல்லுங்கள்.

வாரம் இருமுறை விடியற்காலை நான்கரை மணிக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து அறுப்புக்கூடத்துக்குப் போய்ச் சூலகங்களை வாங்கி, வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்புகிறேன். 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள நுண்ணறைகளிலிருந்து கருமுட்டைகளை உறிஞ்சி எடுத்து, பாதியை உடனே உறையவைக்கிறேன். மீதிப் பாதி 38.5 டிகிரியில் 24 மணி நேரம் முதிர்கிறது. ஒரு குழாய்க்கு 20 முட்டைகள்.

கியூ.பி.சி.ஆரில் (நகல்களைப் பெருக்கி அளவு காணும் சோதனை) பார்த்தால், செல் பிரிவை இயக்கும் சைக்ளின் பி1 மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான பிரதி) முதிர்ந்த முட்டையில் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகத் தெரிகிறது. ஒப்பீட்டுக்கு, அளவு மாறாது என்று நம்பி ஆக்டின் மரபணுவை வைத்திருக்கிறேன். ஆனால் முதிர்ச்சியில் உட்கரு உறை உடைந்தபின் முட்டையில் படியெடுப்பு (டி.என்.ஏ.விலிருந்து எம்.ஆர்.என்.ஏ. எழுதுவது) நடப்பதில்லை என்றுதானே படித்திருக்கிறோம்? இல்லாத அச்சகத்திலிருந்து புதிய பிரதிகள் எப்படி வரும்?

டி.என்.ஏ. கலப்பு இல்லை, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. நகலாக்கும் நொதி) சேர்க்காத குழாய் சுத்தமாக இருக்கிறது. உருகு வளைவில் ஒரே முகடுதான், அதாவது பெருகியது ஒரே பொருள்தான். பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டை) மாற்றினேன், கிட்டை மாற்றினேன். நான் குழாய்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்று வழிகாட்டி நினைக்கிறார். ஆறு முறை செய்தும் அதே விடை வந்தால் அது என் கைப்பிழையாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

பவானிக்காரன்

முட்டையைச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்களை முழுவதும் நீக்கினீர்களா? நான்கைந்து செல்கள் ஒட்டியிருந்தால்கூட அவற்றின் ஆர்.என்.ஏ. கணக்கைக் கெடுத்துவிடும். செல்களின் பிடியைத் தளர்த்தும் ஹையலூரோனிடேஸ் நொதியில் போட்டுக் குலுக்கியபின் ஒவ்வொரு முட்டையையும் நுண்ணோக்கியில் உருட்டிப் பாருங்கள்.

நொய்யல்கரை

பார்த்தேன் அண்ணா. முதிர்ந்த முட்டையில் கியூமுலஸ் விரிந்து தளர்ந்துவிடுவதால் எளிதில் கழன்றுவிடுகிறது. முதிராத முட்டையில்தான் இறுகப் பிடித்திருக்கிறது. மிச்சம் இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். எனக்கு ஏற்றம் தெரிவது எதிர்ப்பக்கத்தில்.

ஈரோட்டு அக்கா

அம்மணி, நீ எல்லாவற்றையும் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. சி.டி.என்.ஏ. என்ற அந்த டி.என்.ஏ. நகலைத் தயாரிக்க எந்தப் பிரைமர்? ஒலிகோ டி.டி.யா, ரேண்டம் ஹெக்ஸாமரா?

நொய்யல்கரை

ஒலிகோ டி.டி. அக்கா. எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஈரோட்டு அக்கா

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நீ குழாயை இடம் மாற்றவில்லை. உன் விடை பொய்யும் இல்லை. எம்.ஆர்.என்.ஏ.வின் எண்ணிக்கையை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதன் வாலை அளந்திருக்கிறாய்.

ஒலிகோ டி.டி. ஒட்டிக்கொள்வது எம்.ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏ எழுத்தே திரும்பத் திரும்ப வரும் பாலி ஏ வாலில். சாதாரணச் செல்லில் பெரும்பாலான எம்.ஆர்.என்.ஏ.க்களுக்கு நீண்ட வால் இருப்பதால் அங்கே தொல்லை இல்லை. கருமுட்டையின் கதை வேறு. வளரும் காலத்தில் முட்டை தனக்கும் பிறக்கப்போகும் கருவுக்கும் வேண்டிய எம்.ஆர்.என்.ஏ.வை எல்லாம் எழுதிச் சேமித்துக்கொள்கிறது. பயணம் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல. எந்தப் பொட்டலத்தை எப்போது அவிழ்ப்பது என்பது ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களின் கையில் இருக்கிறது.

சைக்ளின் பி1 எம்.ஆர்.என்.ஏ.வின் வால் பக்கத்தில் யு.யு.யு.யு.ஏ.யு. போன்ற ஒரு சிறு எழுத்துத்தொடர் உண்டு. சி.பி.இ.பி.1 என்ற புரதம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. முதிராத முட்டையில் அந்த எம்.ஆர்.என்.ஏ. குட்டை வாலோடு, புரதமாக மாறாமல் தூங்குகிறது. முதிர்ச்சி தொடங்கியதும் சி.பி.இ.பி.1-இல் பாஸ்பேட் ஏறுகிறது. அதே புரதம் இப்போது வாலை நீட்டும் நொதியை அழைத்து வருகிறது. வால் நீள்கிறது, புரதம் செய்யும் ரைபோசோம் வேலையைத் தொடங்குகிறது. பிரதிகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. ஆனால் உன் ஒலிகோ டி.டி.க்கு நேற்றுவரை சரியாகப் பிடிபடாதவை இன்று பிடிபடுகின்றன.

ஒப்பீட்டுக்கு ஆக்டினை வைத்ததுதான் பிழையை இரட்டிப்பாக்கியது. அந்தக் கட்டளைத் தொடர் இல்லாத பல எம்.ஆர்.என்.ஏ.க்கள் முதிர்ச்சியின்போது வாலை இழக்கின்றன. ஆக்டின் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒன்றின் வால் நீள, மற்றதன் வால் குறைய, இரண்டையும் வகுத்தால் நான்கு மடங்கு வருவதில் வியப்பில்லை.

இனி ரேண்டம் ஹெக்ஸாமரில் செய். அந்த ஆறெழுத்துப் பிரைமர் வாலைத் தேடாமல் ஆர்.என்.ஏ.வில் எங்கும் ஒட்டும். அது ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டுவதால் உணர்திறன் கொஞ்சம் குறையும். குழாய்க்கு 20 முட்டை போதாது என்று தோன்றினால் 30 போடு. ஆக்டினை நம்பாதே. முட்டையைக் கரைக்கும்போதே மின்மினியின் லூசிஃபெரேஸ் ஆர்.என்.ஏ.வை எல்லாக் குழாயிலும் ஒரே அளவு சேர்த்து, அதையே அளவுகோலாக வை. எந்தப் பசு முட்டையிலும் அது இயல்பாக இருக்காது. என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

தாராபுரம் கால்நடை மருத்துவர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். காங்கேயம் மாட்டின் கருக்களைச் சோதனைக்குழாய் முறையில் வளர்க்கும் வேலையில் எனக்கும் பங்கு உண்டு. முட்டை நன்றாகக் கருவுறுகிறது, இரண்டாக, நான்காகப் பிரிகிறது. எட்டு, பதினாறு செல்லுக்கு வந்ததும் பல கருக்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. வளர்ப்பு ஊடகம் மாற்றிப் பார்த்தோம், ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் குறைத்தோம். ஓரளவுதான் பலன். நீங்கள் சொல்லும் கட்டுச்சோற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஈரோட்டு அக்கா

நிறைய உண்டு, ஐயா. பசுவின் கரு தன் சொந்த மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்குவதே எட்டு முதல் பதினாறு செல் நிலையில்தான். எலியில் அது இரண்டு செல்லில் நடந்துவிடும், மனிதரில் நான்கு முதல் எட்டு. விஷக்காளானிலிருந்து எடுக்கும் ஆல்ஃபா அமனிட்டின் கொடுத்துப் படியெடுப்பை முழுவதும் அடைத்தாலும் பசுவின் கரு எட்டு, பதினாறு செல் வரை பிரிந்துவிட்டுத்தான் நிற்கும். அதுவரை ஓடுவது தாயின் சேமிப்பு. அதனால் பிளவு விகிதத்தைப் பார்த்து முட்டையின் தரத்தை மதிப்பிட வேண்டாம்.

அவிழ்ப்பதைப் போலவே தீர்ந்த பொட்டலங்களைத் தூக்கி எறிவதும் முக்கியம். எலியில் இசட்.எஃப்.பி.36.எல்.2 என்ற புரதம் ஏ, யு நிறைந்த தொடர்களைப் பற்றிக்கொண்டு, வாலை வெட்டும் சி.சி.ஆர்.4–நாட் கூட்டத்தை அழைத்து வருகிறது. அந்தப் புரதம் முழு வடிவில் இல்லாமல் குறைபட்ட தாய் எலிகளின் கருக்கள் இரண்டு செல்லில் நின்றுவிடுவதை 2004-இல் கண்டார்கள். ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் பற்றாமல் அதே கூட்டத்துக்கு இடைத்தரகாக இருக்கும் பி.டி.ஜி.4-உம் அப்படித்தான். அந்த மரபணு பழுதான பெண்களுக்கு முட்டை கருவுற்றும் முதல் பிளவே நடப்பதில்லை என்று 2020-இல் தெரியவந்தது. முட்டையைப் பார்த்தால் குறையே தெரியாது. பல ஆண்டு சிகிச்சைக்குப் பிறகும் காரணம் தெரியாமல் திரும்பிய பெண்களை நினைத்தால் எனக்கு இந்த வேலையில் சலிப்பு வருவதில்லை.

உங்கள் சிக்கலுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஊடகத்தைவிட முன்னால் இருக்கிறது. சூலகம் வரும் வழியில் எவ்வளவு சூடு, முதிர்ச்சிக்கு எத்தனை மணி நேரம், என்ன மாதம். வெயிலில் அடிபட்ட முட்டைகூடப் பிளவுபடும். ஏழாம் எட்டாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழிவிட்ட கருப்பந்து) எண்ணும்போதுதான் உண்மை தெரியும். சித்திரை மாதத்து முட்டைகளையும் மார்கழி மாதத்து முட்டைகளையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தாராபுரம் கால்நடை மருத்துவர்

நன்றி அம்மா. மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கவே இல்லை. பதிவேட்டை எடுக்கிறேன்.

நொய்யல்கரை *(ஐந்து வாரம் கழித்து)*

அக்கா, முடிந்தது. லூசிஃபெரேஸ் சேர்த்து, ஒரே ஆர்.என்.ஏ.வை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒலிகோ டி.டி.யிலும் மறு பாதியை ஹெக்ஸாமரிலும் செய்தேன். ஒலிகோ டி.டி.யில் பழையபடியே ஏற்றம். ஹெக்ஸாமரில் சைக்ளின் பி1 முதிராத முட்டைக்கும் முதிர்ந்த முட்டைக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறது. இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வந்தபோது இரவு ஒன்பதரை மணி. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பினேன்.

வால் நீளத்தை நேரடியாக அளக்கும் சோதனையையும் செய்து பார்க்கச் சொல்கிறார். ஜெல்லில் முதிராத முட்டையின் பட்டை கீழே ஒடுங்கி நிற்கிறது. முதிர்ந்த முட்டையில் மேல்நோக்கிப் புகைபோல் இழுபடுகிறது. ஆனால் அந்தப் புகை முடியும் இடம் தெளிவாக இல்லை. ஜெல்லின் அடர்த்தியைக் கூட்டினால் சரியாகுமா? வியாழக்கிழமை ஈரோடு வருகிறேன், மீதி லூசிஃபெரேஸையும் ஜெல் படத்தையும் கையோடு கொண்டு வருகிறேன்.

ஈரோட்டு அக்கா

புகை எங்கே முடிகிறது என்று படம் பார்த்தால்தான் தெரியும். வாலை நொதியால் வெட்டிய ஒரு குழாயைப் பக்கத்தில் ஓட்டினாயா? வால் இல்லாத நீளம் எது என்று அது காட்டிவிடும். பன்னிரண்டு மணிக்குமேல் வா, சாப்பாடு இங்கேயே.