பிள்ளைகளுக்குள் நடக்கும் வம்புக்கு ஊரைக் கூப்பிடலாமா?

கெடிலக்கரை:
என் மகன் கடலூரில் ஒரு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. கொஞ்சம் திக்கும். மூன்று பையன்கள் அவனைப் போலவே திக்கித் திக்கிப் பேசிக் காட்டுவது, சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைப்பது என்று ஜூன் மாதத்திலிருந்தே படுத்தியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததே தீபாவளிக்கு அப்புறம்தான், அதுவும் ஷேர் ஆட்டோ அண்ணன் சொல்லி. வகுப்பாசிரியரிடம் போனேன். நான்கு பேரையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொன்னார். மறுநாள் "மாட்டியாவிடுற" என்று அடியும் சேர்ந்துகொண்டது.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதை எடுக்கப் போகிறேன். ஆட்டோக்காரர்கள், பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள் என்று சமூகத்தையே சேர்த்து ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

முதுநகரான்:
வேண்டாம். எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் கிரிக்கெட் மட்டைக்கு அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள், ராத்திரி இரண்டு தெரு. பையன்கள் மறுநாளே சேர்ந்துவிட்டார்கள், பெரியவர்களுக்குள் இன்னும் பேச்சில்லை.

"சமூகத்தைச் சேர்ப்போம்" என்கிறீர்கள். நம் ஊரில் "நீங்க எந்தச் சமூகம்?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதியின் பெயரால் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரக்கூடாது என்றது. அந்தக் கயிற்றைப் பையன் கையில் கட்டிவிட்டது யார்? ஊர்தானே.

சாக்பீஸ்:
ஓய்வு பெற்ற ஆசிரியன். முதுநகரான் நாங்குநேரியில் பாதியைத்தான் சொல்கிறார். தொல்லை தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்கு வராமலே நின்றுவிட்டான். ஏன் என்று கேட்ட பிறகுதான் சொன்னான், சொன்ன பிறகு வெட்டு விழுந்தது. சொன்னவனை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அங்கே விட்டுப்போனது.

கைகுலுக்க வைத்தது தப்பு. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். பலமுள்ளவன் பலமில்லாதவனைத் திரும்பத் திரும்பச் சீண்டுவதில் என்ன சமாதானம்? நார்வேயில் 1983இல் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில் பெற்றோர் கூட்டமும் உண்டு, இடைவேளையில் பெரியவர்கள் கண்காணிப்பதும் உண்டு. இரண்டு வருடத்தில் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். கழிப்பறைப் பின்பக்கம், சத்துணவு வரிசை, சைக்கிள் ஸ்டாண்ட், இங்கெல்லாம் வாத்தியார் நிற்பதில்லை. நானும் நின்றதில்லை. ஒல்லியாக இருந்த ஒரு பையனுக்கு "ஒட்டடைக்குச்சி" என்று பெயர் வைத்ததே நான்தான். பத்தாவது முடிக்கும்வரை அவனுக்கு அதுதான் பெயர்.

புதுவைப் பொண்ணு:
எங்கள் பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளி, பள்ளி மேலாண்மைக் குழுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அது பொருந்தாது. எங்களுக்கு இருப்பது அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப். ஒருத்தி தன் பெண்ணைக் கிண்டல் செய்கிறார்கள் என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் பெயர், வகுப்பு, பட்டப்பெயர் எல்லாம் லாசுப்பேட்டை முழுக்கத் தெரிந்தது. அதுவரை நான்கு பேர் கூப்பிட்ட பெயரை அப்புறம் நாற்பது பேர் கூப்பிட்டார்கள்.

முதுநகரான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. 1996இல் நம் மாவட்டத்தில், சிதம்பரத்தில்தான் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலை செய்யப்பட்டார். 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பயம் வந்தது சட்டத்தால். ஊர்க்கூட்டம் போட்டா வந்தது?

கெடிலக்கரை:
ஐயா, அந்தச் சட்டம் ஒரு உயிர் போன பிறகு வந்தது. என் பையன் பள்ளியில் புகார்ப் பெட்டி இருக்கிறது, தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். அதில் சீட்டுப் போட எந்தப் பையனுக்குத் தைரியம் வரும்? என்னிடமே ஐந்து மாதம் சொல்லாதவன் 1098க்கு எப்படிப் பேசுவான், அதுவும் போனில், திக்கிக்கொண்டு?

மூணு சக்கரம்:
நான் அவர் சொன்ன அண்ணன் இல்லை, வேறு வண்டி. திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பிள்ளைகளை ஏற்றுகிறேன். கண்ணாடியில் எல்லாம் தெரியும். ஒரு சின்னப் பையனைத் தினமும் ஓரத்தில் நெருக்கி உட்கார வைப்பார்கள், பையைப் பிடுங்குவார்கள். ஒரு தடவை அடிக்கிற பையனின் அப்பாவிடம் சொன்னேன். "வண்டிய மட்டும் ஓட்டு" என்றார். அடுத்த மாதம் அந்தச் சவாரியே போய்விட்டது. எனக்குக் கூட்டமெல்லாம் வேண்டாம். பள்ளியில் ஒருத்தர் நம்பர் கொடுங்கள், நான் சொன்னேன் என்று வெளியே தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

முதுநகரான்:
அது சரி, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அடிக்கிற பையன் வீட்டுக்கு ஆசிரியர் மட்டும் போகட்டும், குழுவிலிருந்து யாரும் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதாதீர்கள்.

கெடிலக்கரை:
எழுத மாட்டோம். வெள்ளிக்கிழமை நம்பர் யாருடையது என்பதை மட்டும் முடிவு செய்கிறோம். சாக்பீஸ் சார், நீங்கள் கடலூரில்தானே இருக்கிறீர்கள்? மதியம் இடைவேளையில் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நிற்க முடியுமா?

சாக்பீஸ்:
முட்டிவலி. நாற்காலி போட்டால் வருகிறேன்.