கூட்டத்தொடர் தொடங்கும்போது எம்.எல்.ஏ. முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

ஏரிக்கரை:
பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னால் எங்கள் எம்.எல்.ஏ. ஊர் ஊராக வந்து மனு வாங்கிப் போனார். நிழற்குடை, சமுதாயக் கூடம், பேவர் பிளாக் ரோடு. அலைந்தது சரி, ஆனால் முதல் வேலை அதுவல்ல என்பது என் கருத்து. முதலில் அவர் துறைவாரி மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்கு அவையிடம் கேட்கிற பணக் கணக்கை, படிக்க வேண்டும். துறைகள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும் போன வருடக் கொள்கை விளக்கக் குறிப்புகள் அரசு இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. அதில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்துக்கொண்டு அவைக்குப் போகலாம். அரசு கேட்கிற பணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இந்த மாநிலத்தில் 234 பேருக்குத்தான் இருக்கிறது.

தெற்குத்தெரு:
அண்ணே, நீங்கள் சொல்வது சென்னையில் இருப்பவர்களுக்குச் சரி. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை ஏழு மணி டவுன் பஸ் நின்றுவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பையோடு மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். இதை விட்டுவிட்டு அவர் கொள்கைக் குறிப்பு படித்துக்கொண்டிருந்தால் அடுத்த தேர்தலில் யார் ஓட்டுப் போடுவார்கள்? 2022 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஸ்டாலினே எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். அரசே அவர்களை அப்படித்தான் பார்த்தது.

ஏரிக்கரை:
சரி, அந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். எம்.எல்.ஏ. டிப்போவுக்கு போன் போட்டாரா?

தெற்குத்தெரு:
போட்டார். டிரைவர், கண்டக்டர் பற்றாக்குறை என்றார்கள். ஒரு வாரம் விட்டார்கள், மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

ஏரிக்கரை:
நான் சொல்ல வருவது அதுதான். டிரைவர் எத்தனை பேரை எடுப்பது, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்துக்கு அரசு ஈடு செய்யும் பணம் போக்குவரத்துக் கழகங்களுக்கு எப்போது போய்ச் சேருகிறது என்பதெல்லாம் போக்குவரத்துத் துறை மானியத்தில் பேச வேண்டியவை. டிப்போ மேனேஜர் கையில் அது இல்லை. உங்கள் பஸ் நிற்பதற்கான காரணம் கோட்டையில் இருக்கும்போது, அந்த விவாதத்தில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் உங்கள் எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்று தேடிப் பாருங்கள். பாதி நேரம் தலைமைக்கு நன்றி சொல்வதிலேயே போயிருக்கும். 2021 ஆகஸ்டில் அதே ஸ்டாலினே தம் கட்சி உறுப்பினர்களிடம் புகழ்ந்து பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், மீறினால் நடவடிக்கை என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது.

வைகைவாசி:
இருவருமே ஒன்றை விடுகிறீர்கள். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடும் கொறடா சொல்கிறபடிதான் அவையில் ஓட்டு. படித்துவிட்டு மட்டும் என்ன செய்வார்? தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. பள்ளிக் கட்டடமோ குடிநீர்த் தொட்டியோ உருப்படியாக எதையாவது கட்டட்டும்.

ஏரிக்கரை:
ஓட்டுதான் கொறடா கையில், வாய் அவரவருடையது. ஒரு மசோதாவின் குறையை அவையில் எடுத்துச் சொன்னதற்காகப் பதவி போகாது. 2023 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? கூட்டத்தொடரின் கடைசி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சி உறுப்பினர்கள் எழுந்து எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று வாபஸ். அன்று அந்த மசோதாவை யாரும் படிக்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வைகைவாசி:
வாபஸ் வாங்க வைத்தது தொழிற்சங்கங்கள். வேலைநிறுத்தம் அறிவித்தார்களே, அதற்குத்தான் அரசு இறங்கி வந்தது. அவையில் எதிர்த்தும் மசோதா நிறைவேறியதா இல்லையா?

மருதமரம்:
நிறைவேறியது. ஆனால் கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்ப்பு பதிவானதால்தான் அதை எதிர்க்கட்சி அரசியல் என்று தள்ள முடியவில்லை. உள்ளேயும் வெளியேயும் சேர்ந்து நடந்தது அது. எனக்கு வேறொரு கோபம். கடைசி நாட்களில் மசோதாக்களை வரிசையாக வைத்து நிறைவேற்றுகிறார்களே, எம்.எல்.ஏ. எப்போது படிப்பார்? கேரளத்தில் மசோதாவும் மானியக் கோரிக்கையும் துறைவாரிக் குழுக்களுக்குப் போய், அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள். நம் அவையில் அந்த வழக்கமே இல்லை. ஆண்டுக்கு 100 நாள் அவை நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது, ஆட்சிக்கு வந்த பிறகு நடக்கவில்லை. கூட்டத்தொடரின் முதல் நாளே, அவை எத்தனை நாள் நடக்கும் என்று முடிவு செய்யும் அலுவல் ஆய்வுக் குழுவில் இருக்கும் தன் கட்சிக்காரரிடம் கூடுதல் நாள் கேட்கச் சொல்வதுதான் ஒரு எம்.எல்.ஏ.வின் முதல் வேலை என்பேன்.

தெற்குத்தெரு:
குழு, நாள் எல்லாம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனு வாங்குவதைக் கேவலமாகப் பேசாதீர்கள். பஸ் நின்றது எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்ததே எங்கள் ஊர்ப் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவால்தான்.

ஏரிக்கரை:
ஒத்துக்கொள்கிறேன், மனு வேண்டும். அதைக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பி ரசீது வாங்குவதோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். தொகுதியில் ஓடாமல் நிற்கும் தடங்கள் எவை, ஒவ்வொன்றும் எதனால் நின்றது, ஓட்ட எத்தனை ஆள் வேண்டும் என்று அவையில் அமைச்சருக்கான கேள்வியாக எழுதிக் கொடுக்கட்டும். பதில் அவைக் குறிப்பில் ஏறும். அடுத்த முறை டிப்போ கையை விரித்தால் அமைச்சர் சொன்ன பதிலைக் காட்டலாம்.

தெற்குத்தெரு:
கேள்வி எடுக்கப்படும் வரைக்கும் பிள்ளைகள் நடக்க வேண்டும், அவ்வளவுதானே? இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யட்டும். டிப்போவுக்குப் போனும் போடட்டும், கேள்வியும் கொடுக்கட்டும். தடம் எண்ணும் நேரமும் எழுதி நானே நாளைக்கு அவர் அலுவலகத்தில் கொடுக்கிறேன்.