கம்பேட்டிபிள்ங்கற வார்த்தைய எப்படி போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சின்ன உதவி. பாளையங்கோட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், வாசல்ல புதுசா ஒரு இங்கிலீஷ் போர்டு எழுதணும், அதுல இந்த கம்பேட்டிபிள்தான் இடிக்குது.

டோனர் (பிரிண்டருக்குப் போடுத மைப் பொடி) டப்பால அப்படி போட்டிருந்தா பிரிண்டர் கம்பெனி செஞ்சது இல்ல, வேற ஆள் செஞ்சது, ஆனா அந்த மிஷின்ல பொருந்தும்னு அர்த்தம், அது வரைக்கும் தெரியும். வாரவங்கதான் டூப்ளிகேட்னு நினைச்சுட்டு மூஞ்சிய சுளிக்காவ. 1981ல ஐபிஎம் பிசி வந்த பொறவு மத்த கம்பெனிக்காரன் செஞ்ச கம்ப்யூட்டரையும் ஐபிஎம் கம்பேட்டிபிள்னுதானே வித்தான், அதெல்லாம் டூப்ளிகேட்டா என்ன?

இப்போ விஷயம் என்னன்னா, இதுக்குப் பின்னால 'வித்' வருமா 'டு' வருமா? போர்டு எழுதுத அண்ணாச்சி 'டு'ங்காரு, எனக்கு என்னமோ 'வித்'துதான் சரின்னு படுது. எதிர்ப்பதம் இன்கம்பேட்டிபிளா அன்கம்பேட்டிபிளா? பழைய பென்டிரைவ் யூஎஸ்பி 3.0 போர்ட்ல வேலை செய்யுதுல்லா, அத பேக்வேர்ட் கம்பேட்டிபிள்ங்காங்க, அப்போ பேக்வேர்ட் அந்த பழசையா சொல்லுது இல்ல புது போர்ட்டையா?

இன்னொண்ணு, மாப்பிள்ள பொண்ணு மனப்பொருத்தத்துக்கும் இதே வார்த்தைய போடுதாவளே, அங்க சூட்டபிள்னு சொன்னா அர்த்தம் மாறிடுமா? ஆளுக்கொரு உதாரணம் எழுதிப் போட்டா புண்ணியமா போவும். சனிக்கிழம போர்டு எழுதுத அண்ணாச்சி பெயிண்ட் டப்பாவோட வந்துருவாரு, அதுக்கு முன்னாடி சொல்லிருங்க.