ஐஆர்சி வழியாகக் கோப்பு இறங்கவில்லை: மூன்று நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது

தெற்குமாசி அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அப்பா நடத்தி வந்த திருமண அழைப்பிதழ் அச்சகத்தை இப்போது நான் கவனித்து வருகிறேன். கடையில் விண்டோஸ் 98 போட்ட கணினி ஒன்றும், பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பழைய ஸ்கேனர் ஒன்றும் இருக்கின்றன. சென்ற மாதம் ஹார்டு டிஸ்க் பழுதாகி, விண்டோஸை மீண்டும் போட்டபோதுதான் ஸ்கேனருடன் வந்த, அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளின் சிடி காணாமல் போயிருப்பது தெரிந்தது. புதிய ஸ்கேனர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அப்பா இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பக்க அமைப்புகள் அந்தக் கணினியில் உள்ள மென்பொருளில் மட்டுமே திறக்கின்றன. புதிய ஸ்கேனர் எதுவும் அந்தக் கணினியை மதிப்பதில்லை.

தயாரித்த நிறுவனம் தன் தளத்திலிருந்து அந்த டிரைவரை எப்போதோ எடுத்துவிட்டது. ஐஆர்சி என்னும் பழைய இணைய அரட்டை வலையமைப்பில், பழைய டிரைவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் சானல் (அரட்டை அறை) ஒன்று உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னதால், மடிக்கணினியில் ஐஆர்சிக்கான ஹெக்ஸ்சாட் மென்பொருளை நிறுவி, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் உள்ளே சென்றேன். அங்கிருந்த பாட் (கேட்டவர்களுக்குத் தானாகக் கோப்பு அனுப்பும் நிரல்) ஒன்றிடம் பட்டியல் கேட்டபோது, நான் தேடும் டிரைவர் 17ஆம் எண்ணில் இருந்தது. அதுவரை 34 முறை இறக்கப்பட்டிருப்பதாகவும், அளவு 2.1 எம்பி என்றும் அந்த வரி சொன்னது. எக்ஸ்டிசிசி சென்ட் என்ற கட்டளையை எழுதி 17ஐக் கேட்டேன். அனுப்புவதாகப் பாட் பதில் சொன்னது. இறக்கும் சாளரமும் திறந்தது. ஆனால் பூஜ்ஜியம் சதவீதத்திலேயே மூன்று நிமிடம் நின்றுவிட்டு இணைப்பு அறுந்துவிடுகிறது. நான்கு முறை முயன்றுவிட்டேன். கோளாறு என் பக்கத்திலா, அந்தப் பக்கத்திலா? அதோடு, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து இப்படி ஒரு கோப்பை வாங்கி அப்பாவின் கணினியில் போடுவது சரிதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அனுப்பானடி:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். ஐஆர்சி வலையமைப்பு கோப்புகளைச் சுமப்பதில்லை. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988இல் யார்க்கோ ஓய்க்காரினென் அதை எழுதியபோது, சிறு சிறு வரிகளாக உரையாடலைக் கடத்துவதற்காக மட்டுமே எழுதினார். இன்றும் அதன் சர்வர்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. கோப்பு அனுப்பும் வழியான டிசிசி பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. அது செய்வது தரகர் வேலை. "என்னிடம் இன்ன கோப்பு இருக்கிறது, என் முகவரி இது, இந்தக் கதவைத் தட்டு" என்று ஒரு வரியைச் சர்வர் வழியாக உங்களுக்குச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் கணினி பாட்டின் கணினியை நேரடியாகத் தேடிப் போய்க் கோப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் சர்வர் இல்லை. ஆகவே பட்டியல் வந்ததையும், பாட் பதில் சொன்னதையும் வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

வழக்கமான முறையில் அனுப்புகிறவர்தான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். வாங்குகிறவர் போய்த் தட்டுவார். எனவே ஹாட்ஸ்பாட்டில் இருப்பதால் மட்டும் உங்களுக்குத் தடை வராது. சில பாட்கள் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்யும்: "நீ கதவைத் திறந்து வை, நான் வருகிறேன்" என்று சொல்லும். அப்படியானால் கைப்பேசி இணைப்பில் நடக்காது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவு எதுவென்றே தெரியாது.

இதில் எது உங்கள் கதை என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஹெக்ஸ்சாட்டின் விண்டோ பட்டியலில், வந்துபோகும் வரிகளை அப்படியே காட்டும் ரா லாக் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை மட்டும் கேளுங்கள். டிசிசி சென்ட் என்று தொடங்கும் வரியில் கோப்பின் பெயரும், அதற்குப் பின் மூன்று எண்களும் இருக்கும். அவற்றை அப்படியே இங்கே எழுதுங்கள். ஒருமுறைதான் கேட்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பவர்களைச் சில பாட்கள் தாமாகவே ஒதுக்கி வைத்துவிடும். கோப்பு வந்துசேரும் வரை சானலை விட்டு வெளியேறவும் கூடாது.

தெற்குமாசி அச்சகம்:

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். கோப்பின் பெயருக்குப் பிறகு 3232235781 என்ற எண்ணும், அடுத்து 5012 என்ற எண்ணும், கடைசியாக ஏழு இலக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கின்றன. கடைசி எண் கோப்பின் அளவு என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

அனுப்பானடி:

கோளாறு அகப்பட்டுவிட்டது. அது உங்கள் பக்கத்தில் இல்லை.

5012 என்பது கதவு எண், அதாவது போர்ட். அங்கே பூஜ்ஜியம் இருந்திருந்தால் நான் சொன்ன தலைகீழ் முறை என்று பொருள்; இது அதுவன்று. முதலில் உள்ள நீண்ட எண்தான் பாட்டின் ஐபி முகவரி. நாம் நான்கு துண்டுகளாகப் புள்ளி வைத்து எழுதும் முகவரியை டிசிசி ஒரே எண்ணாக்கி அனுப்பும். பிரித்துப் பார்ப்பது பள்ளிக்கூட வகுத்தல்தான். 3232235781ஐ 16777216ஆல் வகுத்தால் ஈவு 192, மீதி 11010309. அந்த மீதியை 65536ஆல் வகுத்தால் 168, மீதி 261. அதை 256ஆல் வகுத்தால் 1, மீதி 5. சேர்த்துப் படித்தால் 192.168.1.5.

இது வீட்டுக்குள் ரவுட்டர் கொடுக்கும் முகவரி. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே முகவரியில் ஏதோ ஒரு கணினி இருக்கும். மதுரைக்குக் கடிதம் எழுதுகிறவர் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் விட்டுவிட்டு "மாடியில் இடப்பக்க அறை" என்று மட்டும் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? உங்கள் மடிக்கணினியும் அந்த முகவரியை எட்ட வழியில்லாமல் காத்திருந்து, மூன்று நிமிடம் கழித்துக் கைவிட்டுவிடுகிறது. அந்தப் பாட்டின் உரிமையாளர் அண்மையில் ரவுட்டரையோ கணினியையோ மாற்றியிருக்க வேண்டும். முன்பு 34 பேருக்கு இறங்கிய கோப்பு இப்போது உங்களுக்கு மட்டும் இறங்காததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். வெளி முகவரியைப் பாட்டின் அமைப்பில் எழுதி, அந்தப் போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட வேண்டும். சானலின் பெயர்ப் பட்டியலில் மேலே அட் (@) குறியோடு இருப்பவர்கள் நிர்வாகிகள். அவர்களில் ஒருவரிடம், பாட் தன் உள்முகவரியை அனுப்புகிறது என்று இரண்டு வரியில், அந்த எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எண்ணைக் காட்டினால் வரும்.

பழைய மோடம்:

அனுப்பானடி அண்ணன் முதல் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

சிம்மக்கல் பக்கம் 1999 முதல் சில ஆண்டுகள் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கணினிகள், ஒரே தொலைபேசி இணைப்பு. எல்லாக் கணினிகளிலும் ஹெக்ஸ்சாட் போன்ற ஐஆர்சி மென்பொருளான எம்ஐஆர்சி இருக்கும். ஒரு சினிமாப் பாடலை இறக்க, நொடிக்கு 5 கேபி கிடைக்கும் நல்ல நாளில் கால் மணி நேரம் ஆகும். பாதியில் மின்சாரம் போனாலும் டிசிசி விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதுதான் அன்று எங்களுக்குப் பெரிய வசதி. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐலவ்யூ புழு வந்தது. அது மின்னஞ்சலில் பரவியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எம்ஐஆர்சி உள்ள கணினியாக இருந்தால், அதன் ஸ்கிரிப்ட் கோப்பையும் (தானாக இயங்கும் கட்டளைகள் உள்ள கோப்பு) மாற்றி எழுதிவிட்டு, சானலுக்குள் நுழைகிறவர்களுக்கெல்லாம் டிசிசி வழியாகத் தன் பிரதியை அனுப்பியது. என் கடையில் இரண்டு கணினிகள் அதில் விழுந்தன. வாடிக்கையாளர் ஒருவர் படம் என்று நினைத்து இரட்டை நீட்சி (பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் கோப்பின் வகையைச் சொல்லும் பகுதி) கொண்ட கோப்பு ஒன்றைத் திறந்துவிட்டார்; கோப்பின் கடைசி நீட்சியை விண்டோஸ் மறைத்து வைக்கும் பழக்கத்தால் அவருக்கு முன்பாதி மட்டுமே தெரிந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த மறைப்பை நான் எடுத்து வைத்திருக்க வேண்டும். மறுநாள் முழுவதும் கடையை அடைத்துப் போட்டு, ஆறு கணினிகளையும் அழித்து மறுபடி நிறுவினேன்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: கோப்பு வந்ததும் திறக்காதீர்கள். நீட்சியை முழுமையாகக் காட்டும்படி விண்டோஸை மாற்றிவிட்டு, பெயரைப் பாருங்கள். பட்டியலில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். மடிக்கணினியில் வைரஸ் சோதனை செய்யுங்கள். சில பாட்கள் கோப்போடு எம்டி5 எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தரும். அந்த எண் பொருந்தினால், பாட்டிடம் இருப்பது சிதையாமல் உங்களிடம் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். பாட்டிடம் இருப்பதே நல்ல கோப்புதானா என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 98 கணினியை எக்காரணம் கொண்டும் இணையத்தில் இணைக்காதீர்கள். அப்பாவின் பக்க அமைப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் டிரைவரைத் தொட வேண்டும்.

கீழவாசல் வாசகர்:

உரிமைப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நிறுவனம் கைவிட்ட மென்பொருள் எல்லோருக்கும் சொந்தம் என்ற எண்ணம் இத்தகைய சானல்களில் பரவலாக உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. சட்டப்படி ஒரு பிரதியை வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ உதவும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அனுமதி உங்கள் கையில் இருந்த சிடியிலிருந்து எடுப்பதற்கு. அந்நியர் ஒருவரின் பாட்டிலிருந்து எடுப்பதற்கு அது நீளுமா என்று என்னைக் கேட்டால், நீளும் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். உங்கள் சொந்த ஸ்கேனருக்கு நிறுவனம் ஒரு காலத்தில் இலவசமாகத் தந்த டிரைவர் என்பதால் யாரும் வழக்கோடு வந்து நிற்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதே பட்டியலில் 18, 19 என்று கீழே இறங்கினால் விலைக்கு விற்கும் மென்பொருள்கள் இருக்கும். களவுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையையும், 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதத்தையும் வைத்திருக்கிறது. கடை வருமானத்துக்கு ஓடும் கணினி என்றால் சலுகை எதிர்பார்க்க முடியாது. டிசிசியில் இரு தரப்பும் நேரடியாக இணைவதால் உங்கள் முகவரி அந்தப் பக்கத்துக்குத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சானலுக்குப் போகும் முன் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஸ்கேனரின் மாடல் எண்ணை இட்டுத் தேடினீர்களா? பழைய டிரைவர் சிடிக்களைப் பலர் முழுமையாக அங்கே ஏற்றியிருக்கிறார்கள். பிரிண்டர் போர்ட் உள்ள இன்னொரு கணினி கிடைத்தால், லினக்ஸில் சேன் என்ற இலவச மென்பொருள் அத்தகைய பழைய ஸ்கேனர்கள் சிலவற்றை இன்னும் இயக்குகிறது.

பக்கவாட்டில் ஒரு செய்தி: தமிழ் நூல் தேடியும் சிலர் இந்தச் சானல்களுக்குள் நுழைகிறார்கள். தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் எத்தனையோ நூல்கள் இலவசமாகக் கிடக்கும்போது அதற்கு ஏன் பாட்டின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

தெற்குமாசி அச்சகம்:

மூவருக்கும் நன்றி. ஆர்க்கைவில் என் மாடலுக்கு முந்தைய மாடலின் சிடி இருக்கிறது. அதில் உள்ள டிரைவர் என் ஸ்கேனரை அடையாளம் காணவில்லை. சானல் நிர்வாகியிடம் அந்த எண்ணோடு எழுதினேன். ரவுட்டர் மாற்றியது உண்மைதான் என்று மறுநாள் பதில் வந்தது, மாலைக்குள் சரிசெய்துவிட்டார். இப்போது ரா லாகில் வேறு எண் தெரிந்தது. நானே வகுத்துப் பார்த்தேன், வெளி முகவரிதான். 2.1 எம்பி சில நொடிகளில் இறங்கிவிட்டது. அளவு பொருந்துகிறது, வைரஸ் சோதனையிலும் எதுவும் அகப்படவில்லை. 18ஆம் எண்ணின் பக்கம் நான் போகவில்லை.

அப்பாவின் கணினியில் சிடி டிரைவின் கதவு இப்போது திறப்பதில்லை. பென் டிரைவையும் அந்த விண்டோஸ் ஏற்க மறுக்கிறது. ஆகவே கோப்பை இரண்டு துண்டாக்கி இரண்டு பிளாப்பியில் எழுதினேன். முதலாவது ஒழுங்காகப் படிக்கிறது. இரண்டாவதில் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாத பழுதான பகுதி. டவுன்ஹால் ரோட்டில் நான்கு கடைகளில் பிளாப்பி கேட்டுவிட்டேன். மூன்றில் சிரித்தார்கள், நான்காவதில் அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள்.

பழைய மோடம்:

உறை பிரிக்காத பெட்டி ஒன்று என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து வைக்கிறேன், சிம்மக்கல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்தில் நான்கேனும் தேறும் என்று நம்புகிறேன்.