குடும்ப பைபிள் படங்கள்: எஃகா, மரமா?

கேள்வி:
1860களில் லண்டனில் அச்சான பெரிய குடும்ப பைபிள். வசனங்களுக்கு நடுவே சிறிய படங்களும், தனித்தாளில் முழுப்பக்கப் படங்களும் இருக்கின்றன. எல்லாம் ஒரே முறையில் செதுக்கியவையா? முழுப்பக்கப் படங்களின் மேல் உள்ள மெல்லிய டிஷ்யூ தாள் பழுப்பேறிவிட்டது. எடுத்துவிடலாமா?

பதில் 1:
வசனத்தோடு வரும் சிறிய படங்கள் அநேகமாக மரச்செதுக்கு. பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்குவார்கள். கோடு மேடாக நிற்பதால் அச்செழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே தடவையில் அடித்துவிடலாம். முழுப்பக்கப் படங்கள் எஃகுத் தகட்டில் செதுக்கியவையாக இருக்கலாம். அதில் கோடு பள்ளம். நனைத்த தாளை உருளையில் கடுமையாக அழுத்தினால்தான் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். அதனால்தான் தனித்தாள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: மை லேசாகப் புடைத்து, கோட்டின் நுனி ஊசிபோல் முடிந்தால் எஃகு. சுற்றிலும் தகடு அழுந்திய தடம் இல்லையே என்று மரம் என முடிவுகட்டாதீர்கள். பைண்டிங்கில் ஓரம் வெட்டும்போது அது போயிருக்கும்.

பதில் 2:
முழுப்பக்கம் என்றாலே எஃகு என்றும் எண்ண வேண்டாம். 1866இல் வெளிவந்த, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் பைபிள் படங்கள் மரச்செதுக்குதான். கீழே இடப்பக்கம் அவர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர்: பிசான், பன்னமேக்கர் போன்றவர்கள். அந்த ஒளியும் இருளும் இவர்கள் உளியில் பிறந்தவை. வலது மூலையைப் படிக்காமல் தாண்டுவது அநியாயம். பாக்ஸ்வுட் பருத்து வளராத மரம். பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இணைப்பார்கள். இணைப்பு தளர்ந்தால் படத்தின் குறுக்கே நேரான வெள்ளைக்கோடு விழும். அது கிழிசல் இல்லை, ஒட்டப்போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பெயருக்குப் பின்னால் ‘டெல்’, ‘ஸ்கல்ப்’ என்று இருக்கிறதே?

பதில் 2:
லத்தீன் சுருக்கங்கள். ‘டெல்’ வரைந்தவர், ‘ஸ்கல்ப்’ செதுக்கியவர். ‘பின்க்ஸ்’ இருந்தால் மூல ஓவியத்தைத் தீட்டியவர்.

பதில் 3:
டிஷ்யூ விஷயம். பழுப்பேறிய தாளில் அமிலம் இருக்கும், அது படத்துக்கும் ஏறும். ஒட்டாமல் கிடந்தால் எடுத்துத் தனி உறையில் வையுங்கள். தையலோரம் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், படமும் சேர்ந்து கிழியும். இடையில் புதுத்தாள் செருகினால் போதும். அமிலமில்லாத டிஷ்யூவை நான்கு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டிச் செருகுங்கள், பசை வேண்டாம். படத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பிளீச்சோ ஈரத்துணியோ வேண்டவே வேண்டாம். மென்தூரிகையால் தையலோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டினால் போதும். பிறப்பு, திருமணம் எழுதிய பக்கங்களில் இன்னும் கவனம்: அந்தப் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும்.