காங்கயம் மாட்டு டிஎன்ஏ: ஒரே மாதிரிக்கு இரண்டு முடிவுகள்

கோவையில் ஆய்வு மாணவன் நான். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) மேயும் காங்கயம் மாடுகளின் ரத்தத்தைக் கடந்த மாசியில் சேகரித்தேன். ஒரே டிஎன்ஏவை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியதில் மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்) அளவுகள் ஒத்துவரவில்லை.

டிஎன்ஏ துண்டின் நீளத்தை அளக்க ஒன்றில் 3130 வகை இயந்திரம், மற்றதில் 3500. ஈடிஎச்10 என்ற மைக்ரோசாட்டிலைட்டில் எல்லா மாடுகளுக்கும் ஒரே அளவு நகர்கிறது, அதைக் கழித்துவிடலாம். சிக்கல் பிஎம்1824 என்ற இன்னொன்றில்தான். சில மாடுகளுக்கு மட்டும் 1 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) கூடுகிறது. இரண்டிரண்டு கார இணையாகத் திரும்பத் திரும்ப வரும் தொடரில் இந்த ஒற்றை எண்ணை எந்த அல்லீலில் (அந்த இடத்தின் நீள வகையில்) சேர்ப்பது? இன்னும் சில மாடுகளில் ஓர் ஆய்வகம் இரண்டு அல்லீல் காட்டுகிறது, மற்றது ஒன்றுதான். இந்த வேறுபாட்டால், மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த கன்றுக்கு அந்தப் பசு தாயே இல்லை என்கிறது ஓர் அறிக்கை. மாட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

டிஎன்ஏவை மீண்டும் பிரித்தெடுத்துச் செறிவைச் சமப்படுத்தினேன். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆரின் கடைசி நீட்டிப்பை 30 நிமிடமாக்கினேன். இரு இடத்துக்கும் ஒரே தொகுதி பிரைமரும் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) நீளத்தை ஒப்பிட ஒரே அளவுத்தரமும் கொடுத்தேன். மென்பொருளை நம்பாமல் வரைபடத்தின் உச்சிகளைக் கண்ணால் பார்த்தும் குறித்தேன். பிஎம்1824 சிக்கல் தீரவில்லை.

இரு ஆய்வகங்களிலும் சேர்த்து ஓட்ட, அல்லீல் அளவு உறுதிசெய்யப்பட்ட மாட்டு டிஎன்ஏ ஒப்பீட்டு மாதிரி தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்?