1966 ஆல்பெர்க் 30: முதல்ல டெக்கா, எஞ்சினா?

நீலன்_ஸ்கார்பரோ:
வணக்கம் உறவுகளே. போன ஒக்டோபர் ஒரு ஆல்பெர்க் 30 பாய்ப்படகு வாங்கினன், 1966இல இங்க ஒன்ராறியோவிலயே விட்பி போட் வேர்க்ஸ் கட்டினது. கார்ல் ஆல்பெர்க் கீறின வடிவம், நீளக் கீல் (அடியில நீட்டி நிக்கிற பாரத்தண்டு), ஒடுங்கின உடம்பு, தூரத்தில நிண்டு பாத்தாலே மனம் நிறையும். இப்ப யார்ட்டில ஸ்டாண்டில நிக்குது. எஞ்சின் பழைய அற்றோமிக் 4 பெற்றோல், அதைக் கழட்டிப்போட்டு எலெக்ட்ரிக் மோட்டார் போடவேணும் எண்டு ஆசை, காசும் அதுக்குத்தான் சேத்தனான். ஆனா முன்டெக்கில (முன்பக்க மேல்தளம்) ஏறி நிண்டா கால் கொஞ்சம் பதியுது, ரொய்லெற் கதவும் பூட்டேக்க மேல இறுகுது. இது பெரிய விசயமோ? முதல் எதில கைவைக்கிறது?

கிங்ஸ்டன்_அண்ணை:
தம்பி, கதவுதான் எனக்குப் பயமா இருக்கு. இந்தப் படகில பாய்மரம் கீலில ஊண்டி நிக்கிறதில்லை, டெக்குக்கு மேல நிக்குது, அந்தப் பாரம் முழுக்க கீழ ஒரு ஒட்டுமர உத்தரத்திலதான். அது தண்ணி குடிச்சு அமந்தா கூரை இறங்கும், கதவு இறுகும், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற பக்கத்து வயர்களை எவ்வளவு முறுக்கினாலும் திரும்பத் தளரும். லைற் அடிச்சுப் பாருங்கோ, ஒட்டுக்குள்ள வெடிப்பு, கறுத்த ஈரக்கறை, ஊசி குத்தினா இறங்குதோ எண்டு.

டெக்கை ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டிக்கொண்டு போங்கோ. நல்ல இடம் 'டக்' எண்டும், ஊறின இடம் 'தொப்' எண்டும் கேக்கும், சோக்கால வட்டம் போடுங்கோ. ஆரம்பகாலப் படகுகளில ரெண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவில வைச்சது மேசனைற் (அமத்தின மரநார்ப் பலகை), பால்சா எண்ட பாரமில்லாத மரம் பிறகுதான் வந்தது. மேசனைற் ஊறினா நனைஞ்ச பாண்தான், என்ர படகில மேல்தோலை வெட்டித் தூக்கினவுடன கையால அள்ளி வாளியில போட்டனான். அள்ளி முடிச்சு, நல்லாக் காயவிட்டு, புது பால்சாவை எபொக்சிப் பசையில படுக்கவைச்சு, வெட்டின ஓரத்தை ஒண்டுக்குப் பன்னிரண்டு சரிவில (தடிப்பின்ர பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு) கிரைண்ட் பண்ணி கிளாஸ் துணி போடுங்கோ. சூடு வரமுதல் எபொக்சியைத் தொடாதேங்கோ, குளிரில இறுகாது. மாஸ்க் இல்லாம கிரைண்டர் எடுக்கவே வேண்டாம். கியூபெக்காரர் இவ் ஜெலினா 80களில தனிய உலகத்தைச் சுத்தி வந்தது இதே ஆல்பெர்க் 30இலதான், இந்த உடம்பு உழைப்புக்குப் பெறுமதியானது.

ராம்நாட்_மெக்கானிக்:
எஞ்சின் பத்தி மட்டும் சொல்றேங்க. 48 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரின்னா சுமாரா 5 கிலோவாட் அவர், மோட்டார் 3 கிலோவாட் இழுத்தா ஒன்றரை மணி நேரத்துல காலி. ஹார்பர விட்டு வெளிய போய்வர தாராளம், ஏரில எதிர்காத்துல மாட்டினா பத்தாது. உங்க பழைய எஞ்சின் உப்பில்லாத நல்ல தண்ணியிலயே ஓடினதுன்னா உப்பு அரிச்சிருக்காது, கம்ப்ரஷன் பாத்துட்டு ரெண்டு சீசன் ஓட்டுங்க. ஆனா பெட்ரோல் எஞ்சின், புளோயரை (உள்காத்தை வெளிய தள்ளுற விசிறி) நாலஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, பில்ஜ்ல (படகோட அடிக்குழி) பெட்ரோல் வாடை இருக்கான்னு மோந்து பாக்காம சாவியத் திருப்பிடாதீங்க.

வல்வை_பேத்தி:
எங்கட அப்புச்சி வல்வெட்டித்துறையில கப்பலுக்குக் கலப்பத்து அடிச்சவர் (பலகை இடுக்கை அடைக்கிற வேலை), அங்க கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல அமெரிக்கா குளொஸ்ரர் வரைக்கும் போன கதை கேட்டுத்தான் வளந்தனாங்கள். தண்ணி வாற வழியை விட்டிட்டுப் பலகையை மாத்தாதே எண்டு அவர் சொல்லுவார். உங்கட டெக்கிலயும் தண்ணி இறங்கினது போல்ட் ஓட்டைகளாலதான் இருக்கும். ஒவ்வொரு ஓட்டையையும் பெரிசாத் துளைச்சு, தடிப்பான எபொக்சியால நிரப்பி, காஞ்சபிறகு திரும்பத் துளைச்சு, பியூட்டைல் ரேப் (தண்ணி புகாம அடைக்கிற ஒட்டு நாடா) வைச்சுப் பூட்டுங்கோ. நாள் எடுக்கும், ஒண்டையும் விடாதேங்கோ.

நீலன்_ஸ்கார்பரோ:
எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குக் காலமை உள்ளுக்க இருந்து டெக்கின்ர அடிப்பக்கத்தில சின்னதா ஒரு ஓட்டை போட்டன், கபில நிறக் கூழ் துளைகருவியில சுத்திக்கொண்டு வந்தது, பின்னால தண்ணி சொட்டினது. உத்தரத்தின்ர நடுவில ஊசி அரை இஞ்சி இறங்குது. மோட்டார்க் காசு டெக்குக்கு. கிங்ஸ்டன் அண்ணை, உத்தரத்தை வெள்ளை ஓக்கில ஒட்டிச் செய்யிறதோ, உலோகம் போடுறதோ? நீங்கள் என்ன செய்தனீங்கள்?